அப்பாவுக்கு வராத ஸ்டாப்

அன்பும் மரியாதையும், காது திருகப்படுமோ என்ற பயமும் சம அளவில் கலந்த அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள், அதாவது நீங்கள் வைத்த பட்டப்பெயரில் வாலு, எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான், அப்பாவின் பழைய சைக்கிள் உட்பட அனைவரும் நலம். அங்கே உங்கள் நலம் எப்படி என்று விசாரிப்பதுதான் கடிதத்துக்கு அழகு. ஆனால் போன வாரம் நீங்கள் போனில் மூச்சு விடாமல் பேசியதைக் கேட்டபின், உங்கள் நுரையீரல் அமோகமாக இருப்பது எங்கள் தெருவுக்கே தெரிந்துவிட்டதால் அதை விட்டுவிடுகிறேன். போன் இருக்கும்போது இந்த வாலு ஏன் பேனாவைத் தூக்கிக்கொண்டு வருகிறது என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒரு வரி சொன்னால் நீங்கள் ஒன்பது வரி சொல்வீர்கள். கடிதத்தில் உங்களால் குறுக்கே பேச முடியாது. இந்த வசதியைக் கண்டுபிடித்தவர் நிச்சயம் யாருக்கோ மருமகளாக இருந்திருக்க வேண்டும்.

"அவனுக்கு இங்கிலீஷ் எல்லாம் ஒத்து வராதுடி. பேசாம அந்த வேலையை விட்டுட்டு என் ஜவுளிக்கடைக்கு வரச் சொல்லு. துணி மடிச்சு வைக்கிற வேலை போட்டுத் தர்றேன்" என்று சொல்லிவிட்டு நீங்கள் போனை வைத்தீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். பதில் கடைசியில் வரும். நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போகாமல் வரிசையாகப் படியுங்கள்.

துறைமுகத்தில் இத்தனை காலமாக அப்பா மேலே கிரேனிலும் அவருடைய கூட்டாளி மீசை மாமா கீழே தரையிலும் இருந்து, வாயே திறக்காமல் வேலை பார்த்து வந்தார்கள். மீசை மாமா உள்ளங்கையை மேலே ஆட்டினால் தூக்கு, கீழே அமுக்கினால் இறக்கு, முஷ்டி பிடித்தால் நிறுத்து. அவ்வளவுதான் பாஷை. எங்கள் வீட்டிலும் இப்படி இருந்தால் எவ்வளவு நிம்மதி என்று அப்பா ஒருமுறை சொல்ல, அம்மா உடனே முஷ்டியைக் காட்டினாள். இந்த நிலையில் புதிதாக ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்து இறங்கினார். கிரேன் ஓட்டுகிற எல்லோருக்கும் வாக்கி-டாக்கி கொடுத்து, இனிமேல் கைஜாடை கிடையாது, எல்லாம் இங்கிலீஷ் வார்த்தைதான் என்று சொல்லிவிட்டார். பத்துப் பன்னிரண்டு வார்த்தை, அதற்கு ஒரு பரீட்சை. தேறாதவர் கேபினை விட்டு இறங்கி, கீழே கிடங்கில் கயிறு சுருட்டி வைக்க வேண்டியதுதான்.

அப்பாவின் கேபினை நீங்கள் பார்த்ததில்லை, அத்தை. அண்ணாந்து பார்த்தால் தலையிலிருக்கும் தொப்பி பின்னால் விழும் உயரம். நாலு பக்கமும் கண்ணாடி, காலுக்குக் கீழேயும் கண்ணாடி. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஊர், நடுவில் ஒரு நாற்காலி, அதில் உங்கள் தம்பி. அங்கே யாரும் வந்து "இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று மூட்டையைக் கையில் கொடுத்துவிட்டு மாயமாக முடியாது. வீட்டில் டம்ளரை எடுத்தால் பாதித் தண்ணீரைத் தரைக்குக் கொடுக்கிற அதே கை, அங்கே ஒரு வீடளவு இரும்புப் பெட்டியைத் தூக்கி, தூங்குகிற குழந்தையைப் பாயில் விடுகிற மாதிரி கப்பலுக்குள் இறக்கும். "உங்கப்பா பெட்டி வச்சா சத்தமே வராதும்மா. கப்பல்காரன் எட்டிப் பார்த்து, வச்சாச்சான்னு கேப்பான்" என்று மீசை மாமா சொல்வார். அந்த நாற்காலி போய், அந்தக் கை கிடங்கில் கயிறு சுருட்டுவதா? இல்லை, உங்கள் கடையில் துண்டு மடிப்பதா? கடையைக் குறை சொல்லவில்லை அத்தை, கோபப்படாதீர்கள். துண்டு சத்தம் போடாமல் இறங்கினால் யார் மெச்சப் போகிறார்கள், அதைத்தான் கேட்கிறேன்.

ஆகவே வாத்தியார் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இங்கிலீஷ் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பரீட்சை அறையில் என் நெற்றியில் வழிகிற அந்தத் தண்ணீரைத்தான் சொல்கிறேன். இருந்தாலும் வீட்டில் வேறு ஆள் இல்லாததால் நானே தலைசிறந்த அறிஞர். அப், டவுன், ஸ்லோ, லெஃப்ட், ரைட் எல்லாவற்றையும் அப்பா ஒரே சாயங்காலத்தில் விழுங்கிவிட்டார். எனக்கே கொஞ்சம் பொறாமை. கடைசியாக வந்தது ஸ்டாப். அதைப் பார்த்து நாங்கள் சிரித்துவிட்டோம். பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற இடத்துக்கே அதுதானே பெயர்! பால் போடுகிறவரிலிருந்து பாப்பா வரை தெரிந்த வார்த்தை. அர்த்தம் அவருக்கு எப்போதோ தெரியும். உபயோகம் வரவில்லை. தகராறு அங்கேதான்.

"அப்பா, இப்ப நான்தான் அந்த ஆபீசர். நடந்து வர்றேன். என் தலைக்கு மேல பெட்டி தொங்குது. நிறுத்துங்க பாப்போம்."

நான் தலையணையை வயிற்றில் செருகிக்கொண்டு, கூடத்தின் ஒரு மூலையிலிருந்து அதிகாரியாக நடந்து வந்தேன். அப்பா முதலில் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"ஸ்டாப்புங்க சார்."

"சார் வேண்டாம்."

"ஸ்டாப்புங்க."

"ங்க வேண்டாம்ப்பா!"

"ப்ளீஸ் ஸ்டாப்..."

"ப்ளீஸ் போடக் கூடாதாம். மொட்டையா ஸ்டாப். கத்திச் சொல்லணும்."

"அவ்வளவு பெரிய ஆளை மொட்டையாவா சொல்றது? நல்லா இருக்காதேம்மா."

"தலைல பெட்டி விழுந்தா நல்லா இருக்குமா?"

"அதுக்கில்ல... அவர் மனசு கஷ்டப்பட்டா?"

"தலையே போனப்புறம் மனசு எப்படிப்பா கஷ்டப்படும்?"

"நல்ல வார்த்தை பேசுடி!" என்று அடுப்படியிலிருந்து அம்மா குரல் வந்தது. அதற்கும் அப்பாதான் "சரிங்க" என்றார்.

அத்தை, இந்த இடத்தில் நான் ஒரு குற்றச்சாட்டைப் பணிவுடன் உங்கள் முன் வைக்கிறேன். இதற்கெல்லாம் மூலகாரணம் நீங்கள்தான். சின்ன வயதில், யாராக இருந்தாலும் ங்க போட்டுப் பேசு என்று அப்பாவின் காதைத் திருகித் திருகிச் சொல்லிக்கொடுத்தது நீங்கள் என்று அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். எவ்வளவு இறுக்கித் திருகினீர்களோ, இன்னும் பிரி தளரவில்லை. வாசலில் படுத்திருக்கிற பூனையிடம் "கொஞ்சம் நகருங்க" என்கிறார். தவறான நம்பருக்குப் போன் செய்தவரிடம் "நாங்க அவங்க இல்லீங்க, மன்னிச்சிடுங்க" என்று இவர் மன்னிப்புக் கேட்கிறார். முடிவெட்டுகிற கடையில் பேச்சு சுவாரசியத்தில் கத்தி ஒருபக்க மீசையில் ஏறியபோது, போதும் என்று சொல்ல மனமில்லாமல் மறுபக்க மீசையையும் தாமாகக் காட்டிவிட்டு வந்தார். பல் டாக்டரிடம் வலி தாங்காமல் ஒரு விரலைத் தூக்கினாராம். தூக்கினதுதான் தூக்கினார், முகத்தில் ஒரு புன்னகையோடு தூக்கியிருக்கிறார். டாக்டர், நோயாளி ரொம்ப உற்சாகமாக இருக்கிறார் என்று நினைத்துப் பக்கத்துப் பல்லையும் பார்த்துவிட்டார். எதிர்வீட்டுக்காரர் காரைப் பின்னால் எடுத்தபோது, அப்பா பின்னால் நின்று "வாங்க... வாங்க... கொஞ்சம் பாத்து... இல்ல, பரவாயில்லீங்க" என்று சொன்னார். அந்தப் பரவாயில்லீங்க என்பது நம் சைக்கிளின் பின்சக்கரம். அது இப்போது எட்டு வடிவத்தில் நலமாக இருப்பதைத்தான் முதல் பத்தியில் குறிப்பிட்டேன்.

சரி, வாயில் வராததைப் பழக்கத்தில் கொண்டுவருவோம் என்று நான் பயிற்சிகள் வகுத்தேன். முதல் பயிற்சி: அவர் டம்ளரில் நான் தண்ணீர் ஊற்றுவேன், அவர் ஸ்டாப் என்று சொல்கிறவரை ஊற்றிக்கொண்டே இருப்பேன். ஊற்றினேன். டம்ளர் நிரம்பியது. அப்பா என்னைப் பார்த்தார். மேசை நிரம்பியது. அப்பா காலை மெல்லத் தூக்கிக்கொண்டார். தண்ணீர் ஓடி, அம்மா இஸ்திரி போட்டு அடுக்கி வைத்திருந்த துணிகளைத் தொட்டபோது ஸ்டாப் என்ற சொல் மிகத் தெளிவான உச்சரிப்பில் கேட்டது. சொன்னவள் அம்மா. கூடவே முதுகில் ஒன்று விழுந்தது. அடுத்து, வீடெங்கும் சிவப்புக் காகிதத்தில் ஸ்டாப் என்று எழுதி ஒட்டினேன். கண்ணாடியில், குளிர்பெட்டியில், அலமாரியில். ஒன்று எப்படியோ அம்மாவின் முதுகுக்குப் போய்விட்டது. எப்படி என்று கேட்காதீர்கள், கலைஞர்களிடம் அதைக் கேட்கக் கூடாது. அம்மா அதோடு காய்கறிக் கடைக்குப் போய்வந்து, "இன்னிக்கு ஜனங்க ரொம்ப மரியாதையா இருந்தாங்கடி, யாருமே என்னை இடிச்சுக்கிட்டுப் போகல" என்று ஆச்சரியப்பட்டாள்.

வீட்டுக்குள் சரிப்படாது என்று அப்பாவைத் தெருவுக்கு அழைத்துப் போனேன். ஒரு நாய் வந்தது. அப்பா தொண்டையைச் செருமி, "ஸ்டாப்" என்றார். சத்தியமாக மொட்டையாகத்தான் சொன்னார். நாய் நின்றது, உட்கார்ந்தது, அவர் முகத்தைப் பார்த்தது. நான் துள்ளிக் குதித்தேன். அப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. "அது பாட்டுக்குப் போயிட்டிருந்துச்சு, நாமதான் அனாவசியமா நிறுத்திட்டோம்" என்று கடைக்குப் போய் பிஸ்கட் வாங்கிப் போட்டார். அந்த நாய் இப்போது தினமும் சரியான நேரத்துக்கு வாசலில் வந்து, தன்னை நிறுத்தும்படி கேட்டுக்கொள்கிறது. அடுத்து பஸ். தூரத்தில் வந்த பஸ்ஸைப் பார்த்துக் கையை நீட்டி ஸ்டாப் சொல்லுங்கள் என்றேன். சொன்னார், பஸ்ஸும் நின்றது. டிரைவர் எங்களைப் பார்க்க, கண்டக்டர் எங்களைப் பார்க்க, உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேரும் எங்களைப் பார்க்க, "சும்மா பழகிப் பாத்தோம்" என்று சொல்ல அப்பாவுக்கு மனம் வரவில்லை. ஏறிவிட்டார். என்னையும் ஏற்றிக்கொண்டார். டிக்கெட் எடுத்து, எங்கேயோ போய் இறங்கி, வெயிலில் நடந்து வந்தோம். வழியெல்லாம் "நல்ல டிரைவர்ம்மா, மூஞ்சி சுளிக்கவே இல்ல பாத்தியா" என்றார்.

இதற்கு நடுவில் எனக்கு வீட்டுக்குள்ளேயே ஓர் எதிர்க்கட்சி முளைத்தது. அம்மா என்னைத் தனியாக அடுப்படிக்குக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"ஏண்டி, நெஜமாவே அவருக்கு அது வந்துடுமா?"

"வரணும்மா. வரலேன்னா கேபின் போயிடும்."

"கேபின் இருக்கணும்தான். ஆனா கல்யாணம் ஆனதுலேருந்து நான் பேசிட்டே இருக்கேன், ஒரு நாள்கூட நிறுத்துன்னு சொன்னதில்ல அந்த மனுஷன். நீ பாட்டுக்கு எதையாவது கத்துக்குடுத்து வச்சிடாத. துறைமுகத்துல மட்டும் வர்ற மாதிரி சொல்லிக்குடு."

இடம் பார்த்து வருகிற வார்த்தையை நான் எந்தக் கடையில் வாங்குவது, அத்தை?

பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம், மாடிப்படியில் அப்பா தனியாக உட்கார்ந்திருந்தார். கையில் அந்த வாக்கி-டாக்கி, ஆனால் அணைத்து வைத்திருந்தார். "அக்காகிட்ட சொல்லிடும்மா, ஜவுளிக்கடைக்கு வர்றேன்னு" என்றார். எனக்கு அப்போது ஒரு கிண்டலும் வரவில்லை. வந்திருக்க வேண்டியது நிறைய. துண்டு, வேட்டி, மடிப்பு என்று எவ்வளவோ இருந்தது, ஒன்றும் நாக்குக்கு ஏறவில்லை.

"ஏம்ப்பா, யாரையாவது நிறுத்தணும்னு உங்களுக்குத் தோணினதே இல்லையா?"

"தோணாம என்ன? ஆனா ஒருத்தர் ஒரு காரியத்தை மும்முரமா செஞ்சுட்டிருக்கும்போது நிறுத்துன்னு சொன்னா, அவர் மூஞ்சி ஒரு மாதிரி சின்னதாகும் பாரு. அதை என்னால பாக்க முடியாதும்மா."

மறுநாள் அப்பா பதற்றத்தில் மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் நானும் துறைமுகத்துக்குள் நுழைந்துவிட்டேன். மீசை மாமா என்னைக் காவலாளியின் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, தலையில் ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்தார். அது மூக்கு வரை இறங்கியது. அதைத் தூக்கித் தூக்கிப் பார்த்ததால் நடந்ததில் பாதியைத்தான் பார்த்தேன், மீதியைக் காதால் கேட்டேன். காவலாளியின் வாக்கி-டாக்கியில் எல்லாம் தெளிவாக வந்தது.

முதலில் வாய்மொழித் தேர்வு, முற்றத்தில் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து. அந்த அதிகாரி நெட்டையானவர், வெயில் பட்டுச் சிவந்த காது. அவர் பேசுவதெல்லாம் இங்கிலீஷ்தான், மீசை மாமா பக்கத்தில் நின்று எடுத்துச் சொன்னார். அப்பா மற்ற வார்த்தைகளையெல்லாம் மணி அடித்த மாதிரி சொல்லிவிட்டு, கடைசி வார்த்தைக்கு வந்ததும் ஒரு கையை மார்பில் வைத்து, லேசாகக் குனிந்து, "ஸ்டாப்புங்க சார்" என்றார். வரிசையே சிரித்தது. அதிகாரி புரியாமல் மறுபடி கேட்டார். மறுபடியும் அதேதான், கூடுதலாக ஒரு புன்னகையோடு. அதிகாரி தலையை ஆட்டிவிட்டு, கிரேனில் ஏறிச் செய்து காட்டட்டும், அங்கேயும் வார்த்தை வரவில்லை என்றால் நாளையிலிருந்து கிடங்கு என்று சொல்லிவிட்டார்.

அப்பா ஏணியில் ஏறினார். கீழே ஒரு டிரெய்லர் லாரி மெல்ல ஊர்ந்து வரும். தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு அது வந்ததும் அப்பா மேலேயிருந்து ஸ்டாப் சொல்லி நிறுத்தி, பெட்டியை அதன் முதுகில் இறக்க வேண்டும். இதுதான் பரீட்சை. எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்று கிரேனின் ஒலிபெருக்கியையும் போட்டுவிட்டிருந்தார்கள். லாரி ஓட்டினவன் புதுப்பையன், அப்பாவை அண்ணே என்று கூப்பிடுகிறவன். அவனிடமாவது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். லாரி கோட்டுக்கு வந்தது. ஒலிபெருக்கியில் மூச்சு விடுகிற சத்தம் வந்தது. பிறகு, "தம்பி, அங்கயே... முடிஞ்சா..." என்று வந்தது. அதற்குள் லாரி கோட்டைத் தாண்டி, ஓரத்தில் இருந்த மணல் பீப்பாயை முட்டிச் சாய்த்துவிட்டு, அதுவாக நின்றது. அதிகாரி பெருமூச்சு விட்டார், தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்தார். மீசை மாமா மீசையைக் கடித்தார். என் அப்பாவின் நாற்காலி போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்தச் சமயம் பார்த்து, பெட்டி இன்னும் மேலே தொங்கிக்கொண்டிருக்கும்போது, துறைமுகத்தின் பெரிய மேனேஜர் வந்தார். வெளியூரிலிருந்து வந்த நாலைந்து விருந்தாளிகளுக்குச் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தார். எப்படி வந்தார் தெரியுமா? விருந்தாளிகளைப் பார்த்தபடி, இரண்டு கையையும் விரித்துப் பேசியபடி, பின்பக்கமாக நடந்து வந்தார். அவர் முதுகு நேராகப் பெட்டியை நோக்கி வருகிறது. காற்று வேறு பலமாக அடித்து, பெட்டி இப்படியும் அப்படியும் ஊசலாடுகிறது. கீழே இருந்த எல்லோரும் அதைப் பார்த்தார்கள், அத்தை. ஆனால் பெரிய மேனேஜர் பேசிக்கொண்டிருக்கிறாரே! ஒருவர் இருமினார். ஒருவர் "சார்... சார்..." என்றார். மேனேஜர் திரும்பாமலே, இருப்பா பேசிட்டிருக்கேன் என்கிற மாதிரி கையைக் காட்டிவிட்டு இன்னும் ஓர் அடி பின்னால் வைத்தார். இங்கிலீஷில் தேறிய அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். ஒருவர் வாயிலிருந்தும் அந்த வார்த்தை வரவில்லை.

"ஸ்டாப்புங்க!"

அது என் அப்பா குரல் என்று எனக்கு உடனே தெரியவில்லை. கண்ணாடி அறையின் கண்ணாடி அதிர்ந்தது. வீட்டில் கதவைத் தட்டிவிட்டு, கதவிடம் மன்னிப்புக் கேட்கிற மனிதருக்குள் இவ்வளவு பெரிய குரல் எங்கே படுத்திருந்தது? மேனேஜர் ஒரு காலைப் பின்னால் தூக்கியவர் தூக்கியபடியே நின்றார். விருந்தாளிகள் நின்றார்கள். கோட்டுக்குத் திரும்பப் பின்னால் வந்துகொண்டிருந்த லாரி நின்றது. பக்கத்துக் கிரேன்கள் இரண்டும் பாதியில் நின்றன. தட்டில் டீ கொண்டுபோனவர் நின்றார், டீ கூட ஆடவில்லை. எழுதிக்கொண்டிருந்த அதிகாரியின் பேனா நின்றது. என் வாயில் இருந்த சூயிங்கம் நின்றது. மேனேஜர் அந்தக் காலை ஊன்றியிருக்க வேண்டிய இடத்தின் மேலே பெட்டி ஒருமுறை வீசி வந்து, திரும்பிப் போனது. அப்பா அதன் ஆட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அடக்கி, அப்பால் நகர்த்தி, தரையில் வைத்தார். சத்தமே வரவில்லை. வைத்தாயிற்று என்று தெரிந்துகொள்ள நான் ஹெல்மெட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருந்தது.

அதற்கப்புறம்தான் உங்கள் தம்பி முழுசாக வெளியே வந்தார். ஒலிபெருக்கி போட்டபடியே இருக்கிறது என்பதை மறந்து, "சார், மன்னிச்சிடுங்க சார், பேசிட்டிருக்கும்போது குறுக்க வந்துட்டேன், விருந்தாளிங்க முன்னாடி வேற, தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க பேசினது ரொம்ப நல்லா இருந்துச்சு, இங்கிருந்து கேக்கலை, ஆனா கையைப் பாத்தாலே தெரிஞ்சுது" என்று துறைமுகம் முழுவதற்கும் கேட்கிற மாதிரி மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். அன்றைக்கு பஸ்ஸை நிறுத்தியதற்கு அந்த டிரைவரிடம் மன்னிப்புக் கேட்கிற வரைக்கும் போய்விட்டார். கடைசியில் அதிகாரியே வாக்கி-டாக்கியை வாயருகில் வைத்து "ஸ்டாப், ஸ்டாப்" என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. அப்பா உடனே நிறுத்திக்கொண்டார்.

இனிமேல்தான் அதிசயம். அதிகாரி மீசை மாமாவைக் கூப்பிட்டு, இது என்ன வார்த்தை என்று விசாரித்தார். எத்தனையோ துறைமுகத்தில் நான் ஸ்டாப் என்று கத்தியிருக்கிறேன், ஆட்கள் காதில் விழுந்தது என்று காட்டுவதற்காக இன்னும் இரண்டடி நடந்துவிட்டுத்தான் நிற்பார்கள், இந்த வார்த்தைக்குத் தூக்கிய காலைக்கூட யாரும் கீழே வைக்கவில்லையே, இது ஆபத்துக்கென்று நீங்கள் வைத்திருக்கிற தனிச் சொல்லா என்று கேட்டார். மீசை மாமா முகத்தில் ஒரு மயிர்க்கால்கூட அசையவில்லை. "ஆமா சார். ரொம்ப பவர்ஃபுல் வேர்டு. சும்மா சும்மா எடுக்க மாட்டோம்" என்றார். குறும்பில் நான் அவரிடம் இன்னும் நிறையப் படிக்க வேண்டும். அதிகாரி அதைக் கவனமாக, ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார். இப்போது துறைமுகத்தின் அறிவிப்புப் பலகையில், சாதாரணமாக நிறுத்த ஸ்டாப் என்றும், உயிர் போகிற ஆபத்தில் ஸ்டாப்புங்க என்றும் சொல்ல வேண்டும் என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் காதைத் திருகி ஏற்றிய ங்க, அத்தை, இன்று துறைமுகத்துச் சட்டம்!

அப்பா ஏணியிலிருந்து இறங்கி வந்தார். வழக்கமாக "ஏம்ப்பா கிரேன்" என்று கூப்பிடுகிற மேனேஜர் அவர் எதிரே போய் நின்று, "நன்றிங்க" என்றார். அப்பா அதற்கு வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தார். நான் காவலாளியிடம் "அது எங்கப்பா" என்றேன். அவர் கேட்கவே இல்லை. ஆனாலும் மூன்று தடவை சொன்னேன்.

வீட்டுக்கு வரும் வழியில், "அவர் மூஞ்சி சின்னதாயிடுமேன்னு உங்களுக்குத் தோணலையாப்பா?" என்று கேட்டேன். "மேலேருந்து பாத்தா மூஞ்சி தெரியாதும்மா. தலை மட்டும்தான் தெரியும். அதுவும் அவர் ஹெல்மெட்கூட போடல" என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

ஆக, அத்தை, உங்கள் கேள்விக்குப் பதில்: கேபின் நம்மிடமே இருக்கிறது. துணி மடிக்க வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு ஸ்டாப் வந்துவிட்டது, நன்றாகவே வந்துவிட்டது. இனி முடிவெட்டுபவர், பல் டாக்டர், எதிர்வீட்டுக் கார் எல்லோரும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியதுதான். இனிமேல் உங்கள் தம்பியை யாரும் ஏய்க்க முடியாது. அம்மாகூட இரண்டு நாளாகப் பேச்சைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துப் பேசுகிறாள். இந்தப் பெருமை முழுவதும் வாத்தியார் என்ற முறையில் என்னையே சாரும் என்பதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் காலில் நான் விழுந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, வாய் நிறைய ஆசீர்வாதம் செய்யுங்கள். முடிந்ததும் எழுந்திரு என்று சொல்ல மறந்துவிடாதீர்கள், எனக்கு வேறு வேலையும் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் காதுக்கு எட்டாத தூரத்தில், உங்கள் கைக்கும் எட்டாத தூரத்தில் இருக்கும்
வாலு

பின்குறிப்பு: மேலே எழுதியதில் கடைசிக்கு முந்தின பத்தியைத் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும். இந்தக் கடிதத்தை உறையில் போடுகிற நேரத்தில், குடிதண்ணீர் சுத்திகரிக்கிற மெஷின் விற்கிற ஒருவர் கழுத்தில் டை கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். அப்பா அவரை உட்கார வைத்து, காற்றாடியைப் போட்டு, அவர் சொன்னது எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டு, அவருக்குத் தொண்டை காய்ந்தபோது நம்முடைய சுத்திகரிப்பு மெஷினிலிருந்தே தண்ணீர் பிடித்துக் கொடுத்து, கடைசியில் அவருடைய மெஷினையும் வாங்கிவிட்டார். இப்போது அடுப்படியில் இரண்டு மெஷின்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அம்மா அவற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறாள். நான் தலையில் அடித்துக்கொண்டு, "ஏம்ப்பா, அவ்வளவு பெரிய மேனேஜரையே நிறுத்தினீங்க, இவர்கிட்ட ஒரு ஸ்டாப் சொல்ல வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

அப்பா உண்மையாகவே புரியாமல் என்னைப் பார்த்தார்.

"எதுக்கும்மா? அவர் தலை மேல ஒண்ணும் விழற மாதிரி இல்லையே."